உள்ளே நான்கு டிகிரி

மார்ச் ஆறு. ம்லேத்தாவில் போலீஸ்காரர் கை காட்டினார்.
தடித்த கையுறை; போ என்றாரா நில் என்றாரா விளங்கவில்லை.
முன்னால் போனவன் நின்றான். நானும் நின்றேன்.
என் பின்னால்
பள்ளத்தாக்கு முடியும்வரை நின்றார்கள்.
மேலே கணவாயில் பனி சரிந்திருக்கிறது.
எத்தனை நாள் என்று கேட்டேன்.
வானம் எனக்கென்ன மாமனா மச்சானா என்றார்.

என் வண்டியில் ரோஜா.
அராராத் சமவெளியின் கண்ணாடிக் குடில்களில்
இரவெல்லாம் விளக்கெரித்து வளர்த்தது,
நாற்பதாயிரம் தண்டு.
எட்டாம் தேதி பெண்கள் தினம்.
ஏழாம் தேதி காலை விளாதிகாவ்காஸ் சந்தையில் இறக்க வேண்டும்.
ஒன்பதாம் தேதி ரோஜாவை
ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது.

கதவில் சுங்க முத்திரை.
எல்லை தாண்டும்வரை உடைக்கக் கூடாது.
அந்தப் பூக்களை நான் பார்த்ததே இல்லை.
ஏற்றிய நேரத்தில் தேநீர் குடிக்கப் போயிருந்தேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பக்கக் கண்ணாடியில்
இடம்வலம் மாறி ஒளிரும் ஒரு பச்சை எண்:
நான்கு.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
குளிரூட்டும் இயந்திரம் இங்கே தலைகீழாய் உழைக்கிறது,
பூவுக்குச் சூடு போடுகிறது.
என் கேபின் ஹீட்டரோ
இரண்டாம் இரவு இருமியது,
இன்னொரு முறை இருமியது,
அவ்வளவுதான்.
விடிவதற்குள் அதன் தொட்டியும் வறண்டது.
ரப்பர் குழாயை வாயில் வைத்து
என் டீசலை உறிஞ்சி அதற்கு ஊற்றினேன்.
மூன்று நாள் எதைத் தின்றாலும் டீசல் ருசி.

முன் வண்டி எர்ஜுமெந்த், திராப்சோன்காரன்.
குளியலறை ஓடு ஏற்றி வந்தவன், அவசரமில்லை.
ஓடு வாடாது என்று சிரிப்பான்.
பின் வண்டி ஜும்பெர். மினரல் வாட்டர்.
இரவில் பாட்டில்கள் ஒவ்வொன்றாய் வெடிக்கும்.
முந்நூறு வரை எண்ணினேன் என்றான் காலையில்,
அதற்கு மேல் எண்ணி யாருக்குக் கணக்குச் சொல்ல.
மூவரும் துருக்கியன் கேபினில் படுத்தோம்,
ஒருவன் பூட்ஸ் இன்னொருவன் தலைமாட்டில்.

எட்டாம் தேதி ஒரு பெண் ரொட்டி விற்று வந்தாள்.
பணத்துக்கு இந்த நாட்டில் லாரி என்று பெயர்.
ரொட்டி ஒன்று மூன்று லாரி.
ஒவ்வொரு வண்டியிலும் என்ன சரக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.
ரோஜா என்றேன்.
நம்பவில்லை.
பின்கதவுக்கு நடந்து
ரப்பர் விளிம்பில் மூக்கை வைத்து
வெகுநேரம் இழுத்துப் பார்த்தாள்.
"டீசல்தான் நாறுகிறது."
மிச்சம் ஐம்பது காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
அடுத்த வண்டிக்குப் போனாள்.

அன்றிரவு நஸெலி அழைத்தாள்.
எனக்குப் பூ இல்லையா இந்த வருஷம்?
நாற்பதாயிரம் இருக்கிறது என்றேன்.
எண்ணிப் பார்த்தாயா என்றாள்.
பதில் யோசிப்பதற்குள் போன் அணைந்தது.
நல்லவேளை.

ஒன்பது. திறந்தது.
முதலாளியைக் கேட்டேன், திரும்பிவிடட்டுமா?
காகிதத்தில் வடக்கு என்று இருக்கிறதே, வடக்கே போ.

சங்கிலி மாட்டி ஏறினோம்.
தூவிய மணல் பனிக்குள் பாதி புதைந்திருந்தது.
நிழல் விழுந்த வளைவில் ஒரு வண்டி
மாடு படுப்பதுபோல் பக்கவாட்டில் படுத்திருந்தது.
வெண்பனி முழுக்கச் சிவப்பு வெங்காயம்.
ஓட்டுநர் போலீஸ் ஜீப்பில் போர்வைக்குள் இருந்தான்,
தேநீர்க் குவளை கையில்,
உயிரோடு,
உருண்டவற்றையே பார்த்துக்கொண்டு.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

மேலே குகைச் சாலை. இருட்டு.
கண்ணாடியைப் பார்த்தேன்.
நான்கு.
பூத்திருக்குமோ கருகியிருக்குமோ,
யாருக்கும் வேண்டாத எதையோ
சரியான சூட்டில் கொண்டுபோகிறேன்.
முன்னால் எர்ஜுமெந்தின் பின்விளக்கு
மங்கி, சிவந்து, ஒருமுறை வழுக்கி
நேரானது.

இரண்டாம் கியர்.
பிரேக்கைத் தொடாமல்.